வீட்டுல இருந்தே டிபி குணமாகுமா? ஒரு குலுக்கல் சொன்ன பதில்

பாலசமுத்திரத்துல இருந்து பேசுறேன். இன்னிக்கு உயிரிப் புள்ளியியல். பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க, கதை நம்ம சென்னையில நடந்ததுதான்.

தாம்பரம் பக்கம் சானடோரியம்னு ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்குல்ல? அந்தப் பேர் காசநோய் மருத்துவமனையால வந்தது. டிபி வந்தா அந்த மாதிரி இடத்துல மாசக்கணக்குல இருக்கணும்: ஓய்வு, நல்ல சாப்பாடு, நல்ல காற்று. எங்க ஊர்ல தினக்கூலிக்குப் போற ஒருத்தர்கிட்ட, ஒரு வருஷம் வீட்டை விட்டுப் போய்ப் படுன்னு சொன்னா, அந்த வீட்டுல உலை எப்படிக் கொதிக்கும்? அப்படியே போனாலும், எல்லாருக்கும் படுக்கை கிடையாது.

1950களில் புது மாத்திரைகள் வந்துவிட்டன. அப்போ கேள்வி இதுதான்: மாத்திரையை வீட்டுலயே சாப்பிட்டா போதாதா?

1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். சேத்துப்பட்டில் இன்றைக்கு இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வாரிசுதான். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், 193 நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு. பெரும்பாலும் நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழைகள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்: ஐசோனியாசிட், கூடவே பாஸ்.

யார் வீட்டுல, யார் சானடோரியத்துல? இங்கதான் புள்ளியியல் வருது. டாக்டர் கையில விட்டா, ரொம்ப முடியாதவங்களைத்தான் மருத்துவமனைக்கு அனுப்புவார். அது மனுஷ இயல்பு. ஆனா அப்புறம் ஒப்பிட்டா நியாயமா இருக்காது. அதனால் சமவாய்ப்பு ஒதுக்கீடு, அதாவது குலுக்கல். எங்க வேலையில ஏ/பி டெஸ்ட்னு செய்யுறோமே, அதே தத்துவம். நாங்க பட்டன் நிறத்துக்குச் செய்யுறோம், அவங்க உயிருக்குச் செஞ்சாங்க.

மாத்திரையைச் சாப்பிட்டாங்களான்னு எப்படித் தெரியும்? சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள். சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையையும் எண்ணினார்கள்.

1959-ல் முடிவு வந்தது. வருஷக் கடைசியில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86%, சானடோரியத்தில் 92%. சானடோரியம் ஜெயிச்சிருச்சேன்னு தோணும். பக்கத்துக்கு ஏறக்குறைய நூறு பேர்தான். இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவே வரலாம். அதுக்காக ரெண்டும் சமம்னு நிரூபணம் ஆயிடுச்சுன்னும் சொல்ல முடியாது. ஆனா ஓய்வும் சாப்பாடும் குறைவா கிடைச்சும், வீட்டுல இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க தேறினாங்க. அதுதான் பெரிய செய்தி.

இன்னொரு பயம் மிச்சம்: ஒரே அறையில படுக்கிற குழந்தைக்கு ஒட்டிக்காதா? குழுவிலிருந்த புள்ளியியலாளர் எஸ். ராதாகிருஷ்ணாவும் மருத்துவர்களும் குடும்பத்தாரையும் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பங்களில் நோய் கூடுதலாக வரவில்லை. காரணம், தொற்று பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்பே நடந்துவிடுகிறது. மருந்து தொடங்கியதும் பரவுவது வேகமாகக் குறைகிறது.

வீட்டிலிருந்தே சிகிச்சை என்பது உலகம் முழுக்கப் பரவ இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். குழந்தையைப் பிரியாம குணமான எத்தனையோ பேருக்குப் பின்னாடி, சென்னையில போட்ட ஒரு குலுக்கல் இருக்கு.

ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா? அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. பரிசோதனையும் மருந்தும் இலவசம். பாதியில மட்டும் நிறுத்திடாதீங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.