புது ஃபிளாட்டுக்கு டிடிஎச்: டெக்னீஷியன் வர்றதுக்கு முன்னாடி பால்கனியைப் பாருங்க

ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ்ல இருந்துதான் இன்னைக்கு எபிசோடை ஆரம்பிக்கிறேன். சோழிங்கநல்லூர் பக்கம் புதுசா ஃபிளாட் வாங்கியிருக்கார். 9வது மாடி. அடுத்த மாசம் அப்பா அம்மா ஊரைக் காலி பண்ணிட்டு நிரந்தரமா இவரோட வந்து இருக்கப் போறாங்க. அவர் கேட்டது இதுதான்: "வீட்ல ஃபைபர் இருக்கு, ஸ்மார்ட் டிவி இருக்கு, ஓடிடி எல்லாம் இருக்கு. இதுக்கு மேல டிடிஎச் எதுக்கு? ஆனா அம்மா ஃபோன்ல முதல்ல கேட்டதே, அங்க சன் டிவி வருமான்னுதான்."

என் பதில், போடுங்க. உங்களுக்காக இல்ல, அவங்களுக்காக. ஊர்ல அவங்களுக்கு பக்கத்து வீடு இருந்தது, கோயில் இருந்தது, பேர் தெரிஞ்ச கடைக்காரர் இருந்தார். 9வது மாடியில அதெல்லாம் கிடையாது. பகல்ல நீங்க ஆபீஸ் போயிட்டா, அவங்களா எழுந்து போய், யார்கிட்டயும் கேட்காம, ஒரு நம்பரை அழுத்தி தனக்குத் தெரிஞ்ச ஒண்ணைப் பார்க்க முடியணும். ஆப் திறந்து, புரொஃபைல் தேர்ந்தெடுத்து, அப்டேட் கேட்டா என்ன பண்றதுன்னு தெரியாம மீட்டிங்ல இருக்கிற பையனுக்கு ஃபோன் பண்றதுங்கிறது பெரியவங்களுக்கு சின்ன அவமானம். வெளிய சொல்ல மாட்டாங்க. டிவி பார்க்கிறதையே குறைச்சுக்குவாங்க.

இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ஞாபகம் இருக்கா? வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நிறைய பேருக்கு நாள் கணக்குல கரண்ட்டும் இல்ல, நெட்டும் இல்ல. டிடிஎச்சுக்குத் தெருவுல ஓடுற ஒயர் எதுவும் வேண்டாம். இன்வெர்ட்டர் இருந்து, வானம் கொஞ்சம் தெளிஞ்சா நியூஸ் வந்துடும்.

சரி, போடலாம்னு முடிவு பண்ணியாச்சு. உடனே எல்லாரும் ஆரம்பிக்கிறது எந்தக் கம்பெனி, எந்த பேக், என்ன ஆஃபர்னுதான். ஃபிளாட்ல இருக்கிறவங்க கேட்க வேண்டிய முதல் கேள்வி, என் பால்கனி எந்தத் திசையைப் பார்க்குதுங்கிறது.

இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா யாரும் சொல்ல மாட்டாங்க. டிவி சாட்டிலைட் எல்லாம் பூமத்திய ரேகைக்கு நேர் மேல, கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்துல, நம்ம கண்ணுக்கு ஒரே இடத்துல நிக்கிற மாதிரி சுத்துது. சென்னை பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்க இருக்கு. அதனால எந்தக் கம்பெனியா இருந்தாலும் உங்க டிஷ் வானத்தோட தெற்குப் பாதியைத்தான் பார்க்கணும். வடக்கு பார்த்த பால்கனி மட்டும்தான் இருக்குன்னா அங்கேயே கதை முடிஞ்சது, மொட்டைமாடிதான் வழி.

தெற்குன்னாலும் எல்லாரும் ஒரே இடத்தைப் பார்க்கிறது இல்ல. டாடா பிளேயோட சாட்டிலைட்டுகள் 83 டிகிரி கிழக்குல இருக்கு. 2022 ஜூன்ல பிரெஞ்சு கயானாவுல இருந்து ஏவின ஜிசாட்-24 அங்கதான் நிக்குது. சென்னை இருக்கிறது 80 டிகிரியில. அதாவது அது கிட்டத்தட்ட நம்ம தலைக்கு மேல, கொஞ்சம் தெற்கா சாய்ஞ்சு, தரையில இருந்து 74 டிகிரி உயரத்துல இருக்கு. சன் டைரக்ட் 93 டிகிரி பக்கம், அப்போ தென்கிழக்கு, உயரம் 68 டிகிரி. ஏர்டெல் 108 டிகிரி. நல்லா கிழக்கா தள்ளி, உயரம் 54 டிகிரிதான்.

இந்த நம்பர்லாம் நமக்கெதுக்குன்னு கேட்கலாம். உங்க பால்கனிக்கு மேல மாடிக்காரங்க பால்கனி இருக்குல்ல? அந்த கான்கிரீட் தளம்தான் பிரச்சினை. கைப்பிடிச் சுவர்ல டிஷ்ஷை மாட்டுறீங்க, மேல தளம் அங்கிருந்து 7 அடி உயரத்துல இருக்குன்னு வச்சுக்குவோம். 74 டிகிரியில பார்க்கணும்னா, தளத்தோட விளிம்புல இருந்து 2 அடிக்கு மேல டிஷ் உள்ள தள்ளிடக் கூடாது. தள்ளினா தளம் மறைச்சிடும். கிழக்கு பார்த்த பால்கனியில 108 டிகிரி சாட்டிலைட்டைப் பிடிக்கணும்னா கிட்டத்தட்ட 5 அடி உள்ள இருந்தாலும் பரவாயில்ல. அப்போ உங்க பால்கனி எந்தக் கம்பெனிக்கு ஒத்து வரும்னு, கடைக்குப் போறதுக்கு முன்னாடியே ஃபோன்ல இருக்கிற காம்பஸை வச்சுப் பார்த்துடலாம். ஆஃபர் அப்புறம்.

சின்ன விஷயம் ஒண்ணு. டிஷ்ஷைப் பார்த்தா எதிர் அபார்ட்மென்ட்டைப் பார்க்கிற மாதிரி நிமிர்ந்து நிக்கும். ஏமாந்துடாதீங்க. நம்ம ஊர் டிஷ் எல்லாம் ஆஃப்செட் வகை. முகம் காட்டுற கோணத்தை விட 20 டிகிரிக்கு மேலயே உயரமா பார்க்கும். எதிர் பில்டிங் மறைக்குதுன்னு டெக்னீஷியனோட சண்டை போடுறதுக்கு முன்னாடி இதை ஞாபகம் வச்சுக்குங்க.

அடுத்தது மொட்டைமாடி. அங்க போட்டா திசைப் பிரச்சினையே இல்ல. ஆனா அசோசியேஷன்னு ஒண்ணு இருக்கே! "வாட்டர்ப்ரூஃபிங் பண்ணியிருக்கோம், துளை போடக் கூடாது"ன்னு சொல்வாங்க. உண்மையைச் சொன்னா அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. 80 வீட்டுக்காரங்களும் ஆளுக்கு நாலு போல்ட் அடிச்சா மழைக்கு மேல் மாடிக்காரர் வீட்டுல ஒழுகும். அவங்ககிட்ட வாக்குவாதம் பண்றதை விட, தரையில துளை போடாம கைப்பிடிச் சுவர்ல கிளாம்ப் போட்டுக்கிறேன்னு எழுதிக் கொடுங்க. இல்லேன்னா ஒரே டிஷ்ல இருந்து எல்லா வீட்டுக்கும் ஒயர் இழுக்கிற பொது இணைப்பு முறை இருக்கு, கம்பெனிகளே அபார்ட்மென்ட்டுக்கு செஞ்சு தர்றாங்க. புது பில்டிங்னா, எல்லாரும் ஒரே நேரத்துல குடி வரும்போது இதைப் பேசி முடிக்கிறது சுலபம். ஒரு வருஷம் கழிச்சு ஆளுக்கொரு டிஷ் போட்ட பிறகு யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

இப்போ ஒயர். புது ஃபிளாட்ல பில்டரே டிவி பாயின்ட் வச்சிருப்பார். ஹால்ல ஒண்ணு, பெட்ரூம்ல ஒண்ணு. "எல்லாம் ரெடியா இருக்கு சார், சொருகினா போதும்"னு சொல்வாங்க. ரெண்டு விஷயத்தை செக் பண்ணுங்க. உள்ள ஓடுறது ஆர்ஜி-6 ஒயரான்னு பாருங்க, ஒயர் மேலயே அச்சடிச்சிருக்கும். அடுத்து, நடுவுல ஸ்ப்ளிட்டர் வச்சிருக்காங்களான்னு பாருங்க. கேபிள் டிவிக்குன்னு வச்ச ஸ்ப்ளிட்டர் டிடிஎச்சைக் கெடுத்துடும். காரணம் இதுதான்: டிஷ்ஷோட நுனியில இருக்கிற எல்என்பிக்குத் தனியா கரண்ட் கிடையாது. செட்-டாப் பாக்ஸ்தான் அதே ஒயர் வழியா 13 இல்ல 18 வோல்ட் மேல அனுப்புது. சாதா ஸ்ப்ளிட்டர் அந்தக் கரண்ட்டைத் தடுத்துடும். டிஷ் சரி, பாக்ஸ் சரி, திரையில மட்டும் 'சிக்னல் இல்லை'. எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்ல இதனால மூணு தடவை ஆள் வந்து டிஷ்ஷையே திருப்பித் திருப்பி வச்சுட்டுப் போனாங்க, ஷாஃப்டுக்குள்ள இருந்த அந்த சின்ன டப்பாவை யாரும் பார்க்கல.

அப்பா அம்மா ரூம்லயும் தனி டிவி வைக்கப் போறீங்கன்னா அதை முதல் நாளே சொல்லிடுங்க. ரெண்டு பாக்ஸுக்கு ரெண்டு அவுட்புட் இருக்கிற எல்என்பியும், ரூமுக்கு ஒரு தனி ஒயரும் வேணும். பெயின்ட் அடிச்ச பிறகு ஒயர் இழுத்தா சுவத்து மேல பாம்பு மாதிரி ஓடும்.

இனி எச்டி. சாதா சேனல்ல ஒரு படத்துல இருக்கிற புள்ளிகள் சுமார் 4 லட்சம். எச்டியில 20 லட்சத்துக்கு மேல. கிட்டத்தட்ட 5 மடங்கு. 55 இன்ச் டிவியில சாதா சேனல் ஏன் தண்ணி ஊத்தின பெயின்டிங் மாதிரி இருக்குன்னு இப்போ புரியும். ஆனா எச்டி பாக்ஸ் வாங்கினா மட்டும் எச்டி வந்துடாது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள்னு மூணு கலர்ல வருமே அந்த ஒயர்ல எச்டி வரவே வராது, எச்டிஎம்ஐ ஒயர்தான் போடணும். பாக்ஸ் செட்டிங்ஸ்ல ரெசல்யூஷன் 1080-ல இருக்கான்னும் பாருங்க.

இதை விட பெரிய வேடிக்கை, ஒரே சேனலோட எச்டிக்கும் சாதாவுக்கும் வேற வேற நம்பர். எத்தனையோ வீட்ல எச்டிக்குக் காசு கட்டிட்டு, பழக்கத்துல பழைய நம்பரைப் போட்டு சாதா சேனலைப் பார்த்துட்டு இருக்காங்க. மாச பில் மட்டும் எச்டியில வரும்!

காசு விஷயத்துக்கு வந்துட்டோம். 2019ல டிராய் புது விதி கொண்டு வந்ததுல இருந்து ஒவ்வொரு சேனலுக்கும் தனி விலை உண்டு, தனித்தனியாவும் வாங்கலாம். பேக்குக்குள்ள வைக்கிற சேனலோட விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதுக்கு மேல நெட்வொர்க் கட்டணம்னு ஒண்ணு, இதுக்கு இருந்த உச்சவரம்பை 2024ல எடுத்துட்டாங்க, கம்பெனியே முடிவு பண்ணுது. எல்லாத்துக்கும் மேல 18 சதவீத ஜிஎஸ்டி. அதனால விளம்பரத்துல இருக்கிற தொகையைக் கேட்காதீங்க, வரியோட கையில இருந்து எவ்ளோ போகும்னு கேளுங்க.

சாதா பேக் ஒண்ணை வச்சுக்கிட்டு, அது மேல எச்டி சேனல்களைத் தனித்தனியா சேர்த்தா, ஒரே சேனலுக்கு ரெண்டு தடவை காசு போகும். என்னைக் கேட்டா, அவங்க தினமும் பார்க்கிற ஆறேழு சேனலை மட்டும் எச்டியில எடுங்க. கிரிக்கெட் பார்க்கிற அப்பான்னா ஸ்போர்ட்ஸ் கண்டிப்பா எச்டி. நியூஸ் சாதாவே போதும், கீழ ஓடுற எழுத்துதான் முக்கியம், அது தெளிவாவே தெரியும். வருஷத்துக்கு மொத்தமா கட்டினா தள்ளுபடின்னு ஆசை காட்டுவாங்க. முதல் மழைக்காலம் தாண்டுற வரைக்கும் மாசாமாசமே கட்டுங்க.

ஏன் மழைக்காலம்னா, டிடிஎச் அலையை மழைத்துளி உறிஞ்சிடும். உங்க வீட்டு மேல மழை இல்லாட்டியும், சாட்டிலைட் பக்கம் கருமேகம் இருந்தா படம் கட்டம் கட்டமா உடையும். பத்து நிமிஷம் போனா சரிப்படுத்த வேண்டியது எதுவும் இல்ல. தூறலுக்கே போனா டிஷ் சரியா திருப்பல. மார்ச் நடுவுலயும் செப்டம்பர் கடைசியிலயும் சில நாள் பகல்ல சில நிமிஷம் படம் நின்னா, சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னாடி வந்திருக்குன்னு அர்த்தம். கஸ்டமர் கேருக்கு ஃபோன் பண்ணாதீங்க, டீ போடுங்க.

டெக்னீஷியன் கிளம்புறதுக்கு முன்னாடி சிக்னல் பக்கத்தைத் திரையில காட்டச் சொல்லுங்க. ஸ்ட்ரெங்த், குவாலிட்டின்னு ரெண்டு கோடு இருக்கும். ஸ்ட்ரெங்த்தைக் காட்டி "ஃபுல்லா இருக்கு சார்"னு சொல்வாங்க. நீங்க பார்க்க வேண்டியது குவாலிட்டி. வெயில் நாள்லயே அது பாதிதான் இருக்குன்னா நவம்பர்ல கஷ்டம், அவர் இருக்கும்போதே இன்னும் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்க. கையில அவர் மெஷின் இருக்கு, ரெண்டு நிமிஷ வேலை.

அப்புறம் அந்த ஃபேவரிட் லிஸ்ட். அம்மாவைப் பக்கத்துல உட்கார வச்சு, எச்டி நம்பர்களை மட்டும் அதுல சேருங்க. ரிமோட்டை நீங்க பிடிக்காதீங்க, அவங்களே அழுத்தட்டும். நம்பர்களைப் பெரிய எழுத்துல ஒரு அட்டையில எழுதி டிவி பக்கத்துல ஒட்டிடுங்க. ஹால் டிசைன் கெடுதுன்னு நினைச்சா அவங்க ரூம்ல ஒட்டுங்க.

அடுத்த வாரம் இன்வெர்ட்டர் பேட்டரி பத்தி பேசலாம். கேள்விகள் இருந்தா வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க.