கப்பற் பயணமும் உறக்க மருந்தும்

(இடைசெவலில் நடைபெற்ற நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இம்மேடையிற் கல்வியைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ பேசுமாறு என்னைப் பணிப்பது வழக்கம். இன்று யானே வேண்டிப் பெற்ற பொருள் வேறு. தமிழாசிரியனுக்குக் கஞ்சாவைப் பற்றிப் பேச என்ன தகுதி உண்டு என்று சிலர் நகைக்கலாம். அது என் இல்லத்து வாயில்வரை வந்து திரும்பிய ஆபத்து. அதனாலேயே பேசத் துணிந்தேன்.

கரிசற்காட்டார்க்குக் கடல் புதியதன்று. நம் பருத்தி தூத்துக்குடியிற் கப்பலேறியது. ஒட்டப்பிடாரத்து வ. உ. சிதம்பரனார் 1906-ஆம் ஆண்டிற் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். அந்நாளிற் பிழைப்பிற்காகவும் வாணிகத்திற்காகவும் கடல் கடந்தனர். இந்நாளில் இன்பத்திற்காகவும் கடக்கின்றனர். 2022 ஜூன் மாதத்திற் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் புறப்படலாயிற்று. 2023 ஜூனில் அக்கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கும் சென்றது. அயல்நாட்டிற் பொருளீட்டும் நம் பிள்ளைகள் பெற்றோரைக் கப்பலேற்றி மகிழ்விக்க விரும்புகின்றனர். இது போற்றத்தக்கதே. ஆயின் அன்பு ஒன்றே பயணத்திற்குப் போதாது. அறிவும் உடன் செல்ல வேண்டும்.

என் பெரியப்பா மகனாராகிய தமையனார்க்கு அகவை 65. அண்ணியார் மறைந்த நாள்முதல் அவர்க்கு உறக்கமில்லை. நள்ளிரவில் வாசலிற் கட்டிலைப் போட்டு அமர்ந்து, நெடுஞ்சாலையிற் செல்லும் லாரிகளின் ஒலியைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் மகன் கனடாவிற் பணிபுரிகிறான். தந்தையைச் சிங்கப்பூருக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் ஆகிய துறைகளுக்குச் செல்லும் கப்பலில் ஏற்றுவதாக ஏற்பாடு செய்தான். புறப்படுவதற்குச் சில நாட்களின் முன் எனக்கு ஒரு படம் அனுப்பினான். மெல்லும் மிட்டாய்கள் நிறைந்த சிறு புட்டி அது. “சின்னையா, அப்பாவுக்கு நல்ல தூக்க மருந்து கிடைத்திருக்கிறது. இங்கே கடையிற் சட்டப்படி விற்கிறார்கள். ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன், கப்பலிலாவது அப்பா நிம்மதியாகத் தூங்கட்டும்” என்று எழுதியிருந்தான்.

படத்தைப் பெரிதாக்கிச் சீட்டைப் படித்தேன். டி.எச்.சி. என்னும் மூன்று எழுத்துக்கள் இருந்தன. கஞ்சாவில் மயக்கந்தரும் சத்தின் பெயர் அது. அன்றிரவு எனக்கும் உறக்கம் வரவில்லை.

அன்பர்களே, அந்தப் புட்டி எத்தனை நாட்டு மண்ணை மிதிக்கவிருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

முதலாவது கனடா. அந்நாட்டில் 2018 அக்டோபர் 17 முதல் வயது வந்தோர் கஞ்சா வாங்குவது சட்டத்திற்கு உட்பட்டது. ஆயினும் அதனை நாட்டெல்லைக்கு வெளியே கொண்டு செல்வது அங்கும் குற்றமே. ஆகவே பிள்ளை விமானமேறும் பொழுதே குற்றம் தொடங்கிவிடும்.

இரண்டாவது நம் பாரத நாடு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டம் கஞ்சாவின் பூந்துணரையும் பிசினையும், அவை கலந்த கலவையையும் தடுக்கிறது. கஞ்சாவிலிருந்து வடித்த சத்தையும் கட்டுக்குள் வைக்கிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருதல் தனிக் குற்றம். கலப்புப் பொருளாயின் உடன் கலந்த பொருளின் எடையையும் சேர்த்தே அளவிடல் வேண்டும் என்று 2020-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின்படி மிட்டாயின் சர்க்கரையும் குற்றத்தின் எடையை ஏற்றக்கூடும். சிறிய அளவிற்கு ஓராண்டு வரையும், வணிக அளவிற்குப் பத்து முதல் இருபது ஆண்டு வரையும் கடுங்காவல் உண்டு. மேலும் இச்சட்டம் அயல்நாட்டிலிருக்கும் இந்தியக் குடிகளையும், இந்தியாவிற் பதிவான கப்பலிலுள்ளார் யாவரையும், அக்கப்பல் எக்கடலில் இருப்பினும், கட்டுப்படுத்தும்.

மூன்றாவது சிங்கப்பூர். அந்நாட்டிற் கஞ்சாவை வைத்திருந்தாலே பத்தாண்டு வரை சிறையோ, 20,000 வெள்ளி வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். 500 கிராமுக்கு மேற்பட்ட கஞ்சாவைக் கடத்தினார்க்கு மரண தண்டனை. ஏறத்தாழ ஒரு கிலோ கஞ்சாவைக் கடத்த உடந்தையாயிருந்தார் என்ற வழக்கில், 2023 ஏப்ரலில் தமிழர் ஒருவர் அந்நாட்டிலே தூக்கிலிடப்பட்டார்.

நான்காவது பினாங்கு உள்ள மலேசியா. அங்கே 1952-ஆம் ஆண்டின் அபாய மருந்துச் சட்டம் நடைமுறையிலுள்ளது. கஞ்சா 200 கிராம் இருப்பின் கடத்தலென்றே முதற்கண் கொள்வர். கட்டாய மரண தண்டனையை 2023-இல் நீக்கினர். மரண தண்டனையை முற்றிலும் நீக்கவில்லை.

ஐந்தாவது புக்கெட் உள்ள தாய்லாந்து. 2022 ஜூனில் அந்நாடு கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து விடுவித்தது என்று கேட்டு நம் இளைஞர் பலர் மகிழ்ந்தனர். அப்பொழுதும் டி.எச்.சி. நூற்றுக்கு 0.2 பங்கிற்கு மிகுந்த வடிசத்து தடையிலேயே நின்றது. 2025 ஜூனில் கஞ்சாப் பூவிற்கும் மருத்துவர் சீட்டு வேண்டுமென்று விதித்தனர். நேற்றுக் கேட்ட சட்டம் இன்று இல்லாமற் போகலாம் என்பதற்கு இதுவே சான்று.

“கப்பல் நடுக்கடலிலன்றோ செல்கிறது? அங்கே யார் கேட்பார்?” என்று வினவுவோர் உளர். கப்பல் எந்நாட்டுக் கொடியைத் தாங்குகின்றதோ அந்நாட்டுச் சட்டம் அதனோடு செல்லும். துறைக்குள் நுழைந்தபின் அத்துறைக்குரிய நாட்டின் சட்டமும் வந்து சேரும். இவற்றிற்கு மேலாகக் கப்பற் கம்பெனியாரின் சொந்த விதிகளும் உண்டு. பெரிய கம்பெனியார் பலர் கஞ்சாப் பண்டங்களை அறவே விலக்கியுள்ளனர்.

நம் நாட்டிலேயே நிகழ்ந்ததொன்றைக் கேளுங்கள். 2021 அக்டோபர் 2-ஆம் நாள் மும்பையிலிருந்து கோவாவிற்குப் புறப்படவிருந்த உல்லாசக் கப்பலில் மத்திய போதைப்பொருள் தடுப்புத் துறையினர் புகுந்து சோதித்துப் பலரைச் சிறைப்படுத்தினர். அவருள் ஒருவர் புகழ்பெற்ற நடிகரின் மகன். அவரிடம் எப்பொருளும் அகப்படவில்லை. எனினும் மூன்று வாரத்திற்கு மேற் காவலிலும் சிறையிலும் கழித்தார். 2022 மே மாதம் சான்றில்லை என்று கூறி அவரைக் குற்றப்பத்திரிகையிற் சேர்க்காது விட்டனர். கையில் ஒன்றுமில்லாதவர்க்கே இந்நிலை. கையிற் புட்டியோடு நிற்கும் கரிசற்காட்டுப் பெரியவர்க்கு யார் துணை?

“மருத்துவர் எழுதிக் கொடுத்ததாயிற்றே” எனலாம். அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை பிரிட்னி கிரைனர் என்பார் 2022 பிப்ரவரியில் ரஷ்ய விமான நிலையத்தில் ஒரு கிராமுக்கும் குறைந்த கஞ்சா எண்ணெயோடு பிடிபட்டார். நோவிற்காகத் தம் நாட்டு மருத்துவர் பரிந்துரைத்தது அது. அங்கே அச்சீட்டு செல்லவில்லை. ஒன்பது ஆண்டுச் சிறை விதித்தனர். பத்து மாதத்தின் பின் கைதிகள் மாற்றத்தாலேயே மீண்டார்.

இன்னுமொரு நுட்பமுண்டு. நம் சட்டம், பூந்துணரோடு சேராத இலையையும் விதையையும் கஞ்சா என்னும் வரம்பிற் சேர்க்கவில்லை. ஆதலின் ‘விஜயா’ என்னும் பெயரில் அவ்விலையாற் செய்த ஆயுர்வேத மருந்துகள் உரிமம் பெற்று இந்நாட்டில் விற்கப்படுகின்றன. இங்கே முறையாக வாங்கியதாயிற்றே என்று அதனைப் பையிலிட்டுக் கடல் கடந்தால், பிறநாட்டுச் சுங்கத்தார் இலையென்றும் பூவென்றும் பிரித்துப் பாரார். ‘மூலிகை’ என்ற சொல் காவலாகாது.

உழவர்களே, உங்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கரிசலிற் செழிக்கும் விதை செம்மண்ணிற் பொய்க்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். விதையை மட்டும் பாராது மண்ணையும் பார்த்தே விதைக்கிறீர்கள். சட்டமும் அவ்வாறே. பொருள் எக்கடையில் வாங்கியது என்பதன்று வினா. நீர் நிற்கும் மண் எது என்பதே வினா.

ஆகவே நம்மவர் கைக்கொள்ள வேண்டுவன சில. அயல்நாட்டிலிருந்து வரும் மருந்தின் சீட்டைப் படித்தறிந்தாரிடம் காட்டிய பின்னரே கையில் வாங்குக. டி.எச்.சி., சி.பி.டி., கன்னபிஸ், ஹெம்ப் என்னும் சொற்கள் காணின் அதனோடு பயணம் வேண்டா. பிறர் கொடுத்த பொதியைப் பிரித்துப் பாராமற் சுமவற்க. கையிற் பொருள் இருப்பின், அறிந்தே வைத்திருந்தார் என்று கொண்டு, அறியாமையை மெய்ப்பிக்கும் சுமையை நம்மீதே வைக்கிறது நம் சட்டம். மருத்துவர் தரும் வேறு உறக்க மாத்திரைகளையும் உரிய உறையோடும் சீட்டோடும் கொண்டு செல்க. சில நாடுகளில் அவற்றிற்கும் முன்னநுமதி வேண்டும். பிள்ளைகளே, பெற்றோர் பையில் அவர் அறியாத எதனையும் அன்பினாற்கூட வைக்காதீர்கள். சுங்கச்சாவடியில் ஆங்கில வினாவிற்கு விடைகூற நிற்பவர் அவரே.

என் மகன் முறையானவனுக்கு அன்றிரவே இவற்றையெல்லாம் எழுதினேன். முதலில் வருந்தினான், பின்னர் உணர்ந்து புட்டியைக் கனடாவிலேயே விட்டு வந்தான். தமையனாரைக் கோவில்பட்டியில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். கப்பற் பயணமும் இனிதே நிகழ்ந்தது. உறக்கம் வந்ததா என்று கேட்டேன். “பாதி வந்தது, தம்பி. வராத இரவுகளில் மேல்தளத்தில் அமர்ந்திருந்தேன். அவனும் தூங்காமல் உடனிருந்தான். உன் மதினியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்” என்றார். அண்ணியார் மறைந்தபின் தந்தையும் மகனும் அவரைப் பற்றி மனம்விட்டுப் பேசியது அதுவே முதன்முறை.