சிறு கைகள் தரும் கைவிசேடம்



சித்திரைப் புத்தாண்டு அண்மிவிட்டால் நம் இல்லங்களிலே அலுவலுக்குக் குறைவில்லை. வீட்டைக் கழுவித் துப்புரவாக்க வேண்டும். பயற்றம் பணியாரமும் முறுக்கும் அரியதரமும் சுட வேண்டும். புத்தாடை எடுக்க வேண்டும். மருத்துநீருக்கு ஆளனுப்ப வேண்டும். பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கைவிசேடத்துக்குரிய சுபவேளையையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

புத்தாண்டு பிறந்தபின் மூத்தோர் வெற்றிலையிலே காசும் நெல்லும் பூவும் வைத்து இளையோருக்கு வழங்குவதையே கைவிசேடம் என்கிறோம். இளையோர் வணங்கி, இரு கைகளாலும் அதை ஏற்பர். தொகை எவ்வளவு என்று அங்கே எவரும் கேட்பதில்லை. பெரியவர் கொடுப்பதை எவ்வாறு பெறவேண்டும் என்பதை இவ்வண்ணம் பிள்ளைகளுக்கு நாம் பழக்கியிருக்கிறோம். பிள்ளைகள் கொடுப்பதை எவ்வாறு பெறவேண்டும் என்பதை நாம் பழகியிருக்கிறோமா? இன்று உங்கள் முன் நான் வைக்க விரும்பும் வினா இதுவே.

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில், வருடப் பிறப்புக்கு முதல்நாள் மாலை, உறவினர் இல்லமொன்றுக்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டுச் சிறுமிக்கு எட்டு வயதிருக்கும். எதையோ முதுகுக்குப் பின்னே மறைத்தபடி அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

“அம்மா, உங்களுக்கு ஒண்டு செய்தனான்.”

“பொறு பிள்ளை, எண்ணெய் கொதிக்குது. அங்கை வை, பிறகு பாக்கிறன்.”

தாயைக் குறைகூற இயலாது. கொதிக்கும் எண்ணெய் காத்திராது. சிறுமி தான் கொணர்ந்ததைச் சுளகின் ஓரத்திலே வைத்துவிட்டுத் திரும்பினாள். அது பனையோலையால் இழைத்த ஒரு சிறு பெட்டி. ஒருபுறம் சற்றே சரிந்திருந்தது.

திண்ணையிலிருந்த அம்மம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த மூலையை ஆர் பிள்ளை மடக்கினது?” என்றார். “நான்தான் அம்மம்மா. மூண்டுதரம் கழட்டிப் பின்னினனான்” என்றாள் சிறுமி. அச்சொல் அடுப்படிக்கும் கேட்டது. தாய் தாச்சியை இறக்கி வைத்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். இரு கைகளாலும் பெட்டியை வாங்கினார். “நாளைக்குக் கைவிசேடக் காசை இதுக்குள்ளைதான் வைக்கிறது” என்றார். சிறுமியின் முகம் மலர்ந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை.

பெட்டி இழைப்பது எளிய வேலையன்று. சார்வோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாக வார்ந்தெடுக்க வேண்டும். அடியைப் பின்னி முடித்து மூலையைத் திருப்பும்போதுதான் இளங்கைகள் தடுமாறும். மூன்றுமுறை கழற்றிப் பின்னிய பிள்ளை, தன் விளையாட்டு நேரம் முழுவதையும் அதிலே செலவிட்டிருக்கிறது. காசில்லாத பிள்ளையிடம் கொடுப்பதற்கு உள்ள செல்வம் அந்த நேரமே.

மார்செல் மோஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர், கொடையைப் பற்றி 1925ஆம் ஆண்டு வெளிவந்த தம் ஆய்விலே மூன்று கடமைகளை எடுத்துக் காட்டினார்: கொடுத்தல், ஏற்றல், திருப்பி அளித்தல். ஏற்க மறுப்பது உறவையே மறுப்பதாகும் என்பது அவர் கண்ட உண்மை. பெரியவர்களிடையே மெய்யான இது பிள்ளைகளிடத்தும் மெய்யே. “பிறகு” என்னும் சொல்லைப் பலமுறை கேட்ட பிள்ளை, தன் கைப்பொருளுக்கு இங்கே இடமில்லை எனக் கருதிக் கொடுப்பதையே நிறுத்திவிடக்கூடும்.

ஆதலால் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் சில சொல்வேன். பிள்ளை நீட்டும்போது ஒரு நிமிடம் கையிலுள்ள வேலையை நிறுத்துங்கள். “மிக அழகு” என்று பொதுவாகப் புகழ்வதைவிட, “இதை எப்படிச் செய்தாய்?” என்று கேளுங்கள், பிள்ளை தன் உழைப்பைத் தானே எடுத்துரைக்கும். கோணலைத் திருத்த முனையாதீர்கள். கடையில் வாங்கியதோடு ஒப்பிடாதீர்கள். இயன்றால் அப்பொருளைப் பயன்படுத்துங்கள். பயன்படும் பொருளே ஏற்கப்பட்ட பொருள் எனப் பிள்ளை அறியும்.

பணியாரம் சிறிது கருகினாலும் புத்தாண்டு பிறக்கும். சிறு கைகள் நீட்டுவதை நாமும் பணிவோடு இரு கைகளாலும் ஏற்போமாக.