இடம் உண்டு, வாருங்கள்!

(மாத்தூரில் நடைபெற்ற கிறிஸ்துமஸ் விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாத்தூரில் நின்று பார்த்தால், மணலி எண்ணெய் ஆலையின் உச்சியிலே எரியும் சுடர் தெரிகிறது. அது நமக்கு அச்சம் தருவதில்லை; ஆலை ஓடுகிறது, வீட்டில் அடுப்பு எரியும் என்பதற்கான அடையாளம் அது. ஆனால் இதே வடசென்னை வானம், எண்ணெய் எரிந்த நெருப்பால் ஓர் இரவு சிவந்ததுண்டு. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அது. எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசிற்று. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டு ஓடினர். நவம்பரில் கப்பல் அழிந்தது, அச்சம் அழியவில்லை. பொல்லாதவனைப் பார்த்து, 'அவன் ஒரு எம்டன்' என்கிறோம் அல்லவா!

ஐரோப்பிய அரசுகள் மூட்டிய போருக்கும், கரையிலே வலை உலர்த்திய ராயபுரத்தானுக்கும் என்ன தொடர்பு? ஏதுமில்லை. பகை பிறப்பது மாளிகையில். குண்டு விழுவது குடிசையில்!

அதே ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமஸ் நாளிலாவது துப்பாக்கிகள் ஓயட்டும் என்று போப் பதினைந்தாம் பெனடிக்ட் வேண்டினார். அரசுகள் இசையவில்லை. ஆனால் மேற்குப் போர்முனையில் பல இடங்களில், எந்த மேலிடத்து ஆணையும் இன்றி, ஆங்கிலச் சிப்பாயும் ஜெர்மானியச் சிப்பாயும் பதுங்குகுழிகளை விட்டு மேலேறி வந்தனர். கைகுலுக்கினர், புகையிலையைப் பகிர்ந்துகொண்டனர், மாண்டவர்களைப் புதைத்தனர். தளபதிகள் சினந்தனர். அடுத்த ஆண்டு இப்படி நடக்கக்கூடாதென்று கடுங்கட்டளை பிறப்பித்தனர்.

போர் 1918 வரை நீண்டதே, ஒருநாள் ஓய்வால் என்ன பயன் என்று கேட்பீர்கள். எதிரி என்று காட்டப்பட்டவன் தன்னைப் போன்ற மனிதனே என்பதைச் சிப்பாய் கண்டுகொண்டான். அதுதான் பயன்! அதைக் கண்டுதான் தளபதிகள் அஞ்சினர்!

ஏசு பிறந்த கதையை எண்ணிப் பாருங்கள். பேரரசன் குடிக்கணக்கெடுக்க ஆணையிட்டான். நிறைமாதக் கர்ப்பிணி ஊர் கடந்து சென்றாள். சத்திரத்தில் இடமில்லை; தொழுவத்தில் பிறந்தது குழந்தை. ஏரோது வாளை உருவினான். பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு அகதிகளாக ஓடினர். அமைதி திரும்பியபின் பிறந்த பண்டிகையா இது? இல்லை, வாளின் நிழலிலே பிறந்த பண்டிகை!

அதனால்தான், 2023இல் காசாவில் குண்டுமழை பொழிந்தபோது, பெத்லகேம் நகரம் விழாக் கொண்டாட்டத்தை நிறுத்தியது. ஆனால் அங்குள்ள லூத்தரன் தேவாலயம், இடிபாட்டுக் கற்களின் நடுவே குழந்தை ஏசுவின் உருவத்தைக் கிடத்திற்று. விழாவைக் கைவிட்டனர்; குழந்தையைக் கைவிடவில்லை!

தொலைவிலுள்ள பெத்லகேம் இருக்கட்டும். நம் ராயபுரத்துக்குப் பெயர் தந்தவர் ராயப்பர். பேதுரு என்னும் புனிதருக்குத் தமிழ் சூட்டிய பெயர் அது. அதே பேதுருவின் பெயரால் யாழ்ப்பாணத்து நவாலியிலும் ஒரு தேவாலயம் உண்டு. 1995 ஜூலை 9 அன்று, படையெடுப்புக்கு அஞ்சிய தமிழர்கள் அந்தத் தேவாலயத்திலும் அருகிலிருந்த முருகன் கோயிலிலும் அடைக்கலம் புகுந்திருந்தனர். இலங்கை விமானப்படை குண்டு வீசிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நீ சிலுவைக்காரனா, வேல்காரனா என்று குண்டு கேட்கவில்லை. தமிழன் என்பதே போதுமானதாயிருந்தது. அக்டோபர் இறுதியில் வலிகாமமே ஊர்பெயர்ந்தது. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் அம்மக்களுக்கு அகதி வாழ்விலே வந்தது.

அந்தப் போருக்குத் தப்பிக் கடல் கடந்தவர்கள் எங்கோ இல்லை. இதோ, நமக்கு அண்மையில், புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாம்களில் வாழ்கிறார்கள். 1983 முதல் வந்தவர்கள் அவர்கள். முகாமில் பிறந்த பிள்ளைகள் பெற்றோராகிவிட்டனர். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த இந்துவுக்கும் கிறிஸ்தவனுக்கும் வழி திறந்தது, முஸ்லிமுக்கு மூடியது. இலங்கைத் தமிழனுக்கோ, அவன் இந்துவாயினும் கிறிஸ்தவனாயினும், அச்சட்டத்தில் வழியே இல்லை. சத்திரத்தில் இடமில்லை என்ற பழைய சொல் கேட்கவில்லையா, தோழர்களே?

போர் தானே ஓயும் என்று காத்திருப்பது நம்பிக்கையன்று. போர் துரத்திய மனிதனுக்கு நம் பக்கத்தில் இடம் விடுவதே நம்பிக்கை. இந்தக் கிறிஸ்துமஸ் நாளில் புழல் முகாமுக்குச் செல்லுங்கள். கேக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அமர்ந்து பேசுங்கள், அவர்கள் குறைகளைக் கேளுங்கள், அவர்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்ற கோரிக்கையை, வீட்டுக்கு வீடு, ஆலை வாயிலுக்கு ஆலை வாயில் எடுத்துச் செல்லுங்கள்.

தொழுவத்தைத் திறந்துவிட்டவன் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. ஆனால் அவன் திறந்திராவிட்டால் கிறிஸ்துமஸ் ஏது? பெயர் வேண்டாம் நமக்கு. கதவைத் திறக்கும் கை போதும். 'இடம் உண்டு, வாருங்கள்' என்ற குரல் மாத்தூரிலிருந்து எழட்டும்!