வயர் போகவில்லை என்றால் கைவிட்டதாக அர்த்தமில்லை

(தோட்டக் குடும்பநலக் கூட்டத்தில் பேசியது)



பேஸ்மேக்கர் வைக்கப் போன ஆளுக்கு வயர் போகவில்லை, இன்னொரு திகதிக்கு வரச் சொன்னார்கள் என்றால், லயத்தில் உடனே என்ன பேச்சு? "நரம்பு செத்துப்போச்சாம், இனி ஒன்றும் செய்ய ஏலாதாம்." அதைக் கேட்டு நோயாளியும் திரும்பிப் போகமாட்டேன் என்கிறார். உயிர் போகிற விஷயம் இது.

நாம் எல்லாவற்றையும் நரம்பு என்போம். டாக்டர் சொன்னது நாளத்தை, இரத்தம் இருதயத்துக்குத் திரும்பி வரும் குழாயை. அது சாகவில்லை, ஒடுங்கியிருக்கிறது.

பேஸ்மேக்கர் தீப்பெட்டி அளவான பெட்டி. நெஞ்சின் மேல்பக்கம், தோலுக்கு அடியில் வைப்பார்கள். அதன் வயர் நாளத்தின் வழியாக இருதயத்துக்குள் போகும். இருதயம் பலவீனமாகி, இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுருங்காத சிலருக்கு இன்னொரு வயரும் வேண்டும். அது இருதயத்தின் பின்பக்க நாளத்தில் நுழைந்து, இடது பக்கத்துச் சின்னக் கிளையில் நிற்க வேண்டும். அந்தக் கிளை சிலருக்கு மெலிசு, சிலருக்கு வளைவு. பழைய வயர் கிடந்த நாளமும் ஒடுங்கும்.

அப்போது சாயமருந்து ஏற்றி எக்ஸ்ரே திரையில் பார்ப்பார்கள். முதலில் மெல்லிய கம்பி. அதன்மேல் சின்ன பலூனைக் கொண்டுபோய், ஒடுங்கின இடத்தில் ஊதி விரிப்பார்கள். பிறகு பலூனைச் சுருக்கி எடுத்துவிட்டு வயரை விடுவார்கள். நாளத்தின் சுவர் மெல்லியது, கிழியவும் கூடும். அதனால் பழகின கை வேண்டும். டாக்டர் பாதியில் நிறுத்தினார் என்றால், என் எண்ணத்தில் அது நல்லதுக்குத்தான்.

பலூன் சரிவராவிட்டால் வேறு கிளை, அல்லது மறுபக்கத் தோள். அதுவும் இல்லையென்றால் விலாவில் வெட்டி, இருதயத்தின் வெளிப்பக்கத்தில் வயரைத் தைப்பார்கள். 1958ல் சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகத்திலேயே முதன்முதலாக உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்ததும் நெஞ்சைத் திறந்துதான். பிறகு எத்தனையோ தடவை பெட்டி மாற்றி, அவர் 2001 வரை இருந்தார்!

வைத்து வந்த பிறகு, கொழுந்து எடுக்கும் அக்காமார் இதைக் கேளுங்கள். கொழுந்தைத் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் வீசுகிறோமே, அந்த வீச்சில் புது வயர் நழுவலாம். நாலு முதல் ஆறு கிழமை, அல்லது டாக்டர் சொன்ன நாள் வரை, அந்தக் கையைத் தோளுக்கு மேலே தூக்காதீர்கள். அதற்காகக் கையை அசைக்காமலும் வைக்காதீர்கள், தோள் இறுகிவிடும். ஆஸ்பத்திரியில் தந்த பேஸ்மேக்கர் அட்டையை எங்கே போனாலும் கையோடு கொண்டு போங்கள்.

திகதிக்குப் போக வாகனமோ துணையோ இல்லாதவர்கள் ஒரு கிழமைக்கு முந்தியே என்னிடம் சொல்லுங்கள்.