நம் பெயரில் உள்ள தாள்

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வருமான வரியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "தம்பி, வருமானமே இல்லாத இடத்தில் வரி ஏது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆயினும், சவர்க்காரம் வாங்கும்போதும் தொலைபேசிக்குப் பணம் போடும்போதும் 2024 தொடக்கம் 18 வீதப் பெறுமதி சேர் வரியை நாம் எல்லோரும் கொடுத்தே வருகிறோம். வரி கட்டாதவர் நம்மில் எவருமில்லர். வரியின் கணக்கைத் தெரிந்துகொள்ளாதவர்களே மிகுதி.

இலங்கையில் வருமான வரி 1932 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் வந்தது. லயங்களில் வாழ்ந்த நம் பாட்டன்மார் அறிந்திருந்த தாள் வேறு. அதன் பெயர் துண்டு. தொழிலாளியின் கடனைக் குறித்து, அவன் தோட்டம் மாறும்போது கூடவே சென்ற சீட்டு அது. அதில் எழுதிய தொகை சரியா, பிழையா என்று வாசித்துப் பார்க்க அவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்தறிவு இல்லை. 1921 இல் துண்டு முறை ஒழிந்தது. தாளைக் கண்டு அஞ்சும் பழக்கமோ இன்னும் ஒழியவில்லை.

எங்கள் வீட்டு நிகழ்ச்சியையே சொல்கிறோம். தோட்டத்தில் ஆயுள் முழுதும் கொழுந்து பறித்த பாட்டி, சேமலாப நிதிப் பணத்தை நிலையான வைப்பில் இட்டிருந்தார். ஆண்டு வட்டி 64,000 ரூபாய். கைக்கு வந்ததோ 57,600. "பாங்கிக்காரர் பிடித்துக்கொண்டார்கள்" என்று அவர் பேசாதிருந்துவிட்டார். நாமும் பல்கலைக்கழகத்தில் புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தோமேயன்றி அந்தச் சீட்டை வாங்கிப் பார்க்கவில்லை. பிடிக்கப்பட்ட 6,400 ரூபாய், 2024 இல் விதிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளப்படி ஏறக்குறைய ஐந்து நாள் மலையேறிய கூலி!

சட்டம் என்ன சொல்கிறது? 2025 ஏப்ரல் முதலாம் திகதி தொடக்கம், ஆண்டு வருமானத்தில் முதல் 18 இலட்சம் ரூபாய்க்கு வரியில்லை. நாளொன்றுக்கு 2,000 ரூபாய் வீதம் 300 நாள் பெயர் போட்டாலும் 6 இலட்சமே ஆகிறது. ஆகவே தோட்டத் தொழிலாளி எவரும் தம் கூலிக்கு இவ்வரி கட்ட வேண்டியவரல்லர். ஆனால் பாங்கி, வட்டி கொடுக்கும்போது 10 வீதத்தை முற்பணமாகப் பிடிக்கிறது. தம் வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் அது பிடிக்கப்படாது. பிடித்த பணத்தையும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் திருப்பிக் கேட்கலாம். கேட்பவருக்கே கிடைக்கும்.

இனி, வரி கட்ட வேண்டியவரைப் பார்ப்போம். ஓர் ஆசிரியருக்கு மாதச் சம்பளம் 90,000; பிரத்தியேக வகுப்பில் 55,000; நகரில் உள்ள கடையறை வாடகை 25,000 என்று கொள்வோம். சம்பளத்தில் எதுவும் பிடிக்கப்படாததால் தமக்கு வரியில்லை என்று அவர் எண்ணியிருப்பார். மூன்றையும் கூட்டினால் ஆண்டுக்கு 20,40,000 ரூபாய். வாடகையில் காற்பங்கைப் பழுதுபார்ப்புக்கெனக் கழிக்கச் சட்டம் இடந்தருகிறது; அது 75,000. பின்னர் 18 இலட்சத்தைக் கழித்தால் மிஞ்சுவது 1,65,000. முதற்படி விகிதமான 6 வீதப்படி வரி 9,900 ரூபாய். வாடகைக் கழிவை அறியாதிருந்தால் 14,400 கட்டியிருப்பார். வகுப்பு மண்டப வாடகை முதலிய செலவுகளுக்குப் பற்றுச்சீட்டு வைத்திருந்தால் வரி இன்னும் குறையும்.

இப்படிக் குறைப்பது உரிமை. வகுப்புப் பணத்தை மறைத்து 'இல்லை' என்று எழுதுவது குற்றம். இரண்டையும் 'கெட்டித்தனம்' என்ற ஒரே பெயரால் அழைக்கலாகாது. அரசன் குடிகளிடம் அளவறிந்து வரி கொள்ள வேண்டும் என்று பாண்டியன் அறிவுடை நம்பிக்கு எடுத்துரைத்தார் பிசிராந்தையார். கொடுப்பவனும் அளவறிந்து நேர்மையாகக் கொடுக்க வேண்டுமல்லவா? தோட்டத்துப் பாடசாலைக்குக் கூரை வேண்டும், பாதைக்குத் தார் வேண்டும் என்று கேட்கும் நாம், கொடுக்க வேண்டியதை ஒளிப்பது எப்படித் தகும்?

ஆயத்தம் எளிது. வரியாண்டு ஏப்ரல் முதலாம் திகதி தொடங்கி மார்ச் 31 இல் முடிகிறது. விபரத்திரட்டை நவம்பர் 30 க்கு முன் அனுப்ப வேண்டும். சம்பளச் சீட்டு, வட்டிச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றை ஒரே உறையில் இட்டு வையுங்கள். அடையாள அட்டையில் ஒரு பெயர், பாங்கிப் புத்தகத்தில் வேறோர் எழுத்து என்பது நம் மக்களின் பழைய துன்பம். அதை முதலில் திருத்துங்கள். வரி இலக்கம் பெற்றாலே வரி விழும் என்று அஞ்ச வேண்டா. இலக்கம் வேறு, வரி வேறு.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நவம்பர் வரும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இம்மண்டபத்தில் ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போடுவோம். படித்த இளைஞர்கள் அமர்ந்து, முதியோர் கொண்டுவரும் தாள்களை வாசித்துச் சொல்வோம். வட்டிப் பணம் பிடிபட்ட பாட்டிமார் எத்தனை பேர் என்பது அன்று தெரியவரும். எங்கள் பாட்டியின் பத்திரத்தை அன்றைக்கு முதலாவதாக எழுதுவோம்.