மூளையைக் கட்டிய சாரம்



மூளை என்றதும் எல்லோரும் நியூரானைத்தான் பேசுகிறார்கள். பாடப்புத்தகத்தில் அதுதான், பட்டிமன்றத்திலும் அதுதான். நம் மண்டைக்குள் ஏறக்குறைய 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. நியூரான் அல்லாத வேறு செல்களும் சுமார் 8,500 கோடி இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதிக்குக் கிளியா என்று பெயர். நியூரானுக்குத் துணை நிற்கும் செல்கள். இந்தக் கணக்கு தெளிவானதே 2009-இல்தான். அதற்கு முன்னால், நியூரானைப் போலப் பத்து மடங்கு கிளியா என்று ஒரு புத்தகத்தைப் பார்த்து இன்னொரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தது. பிரேசிலில் சுசானா ஹெர்குலானோ-ஹூசல் குழுவினர் மனித மூளையைக் கரைசலாக்கி, அதில் மிதந்த உட்கருக்களை எண்ணினார்கள். பத்து மடங்கு ஒரே நாளில் ஒரு மடங்காயிற்று! பெரிய புத்தகம் சொல்லிவிட்டதே என்று நம்புகிறவர்களுக்காக இதை இரண்டு முறைகூடச் சொல்லலாம்.

1856-இல் இந்தச் செல்களுக்குப் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் மருத்துவர் விர்ச்சோ. நியூரான்களுக்கு நடுவே அடைத்துக்கொண்டிருக்கும் ஒட்டுப்பொருள் என்பது அவர் எண்ணம். இன்று அப்படிச் சொல்ல முடியாது. ஆஸ்ட்ரோசைட் என்ற கிளியா நியூரானுக்கு எரிபொருள் தருகிறது. நியூரான்கள் ஒன்றோடொன்று இணைப்புப் போடத் தூண்டுகிறது. ஒலிகோடென்ட்ரோசைட் என்பது நரம்பிழைமேல் மையலின் என்ற கொழுப்புறையைச் சுற்றுகிறது. அதனால் செய்தி பல மடங்கு வேகமாகப் பாய்கிறது. மைக்ரோகிளியா, மூளையின் காவல் செல். வேண்டாத இணைப்புகளைக் கத்தரிப்பதும் அதுதான். இவற்றின் வேலையைப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். நான் பேச வந்தது இவற்றின் பிறப்பைப் பற்றி.

நம் சென்னீர்குப்பத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. சவுக்குக் கம்பு நட்டுச் சாரம் கட்டுகிறார்கள். கொத்தனார் அதில் ஏறி நின்று வேலை பார்க்கிறார். வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். கருவில் மூளை எழும்பும்போதும் ஒரு சாரம் உண்டு. ரேடியல் கிளியா என்ற நீண்ட செல்கள் உள்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை கம்பு நட்டதுபோல் நிற்கின்றன. புதிதாகப் பிறந்த நியூரான் அந்தக் கம்பைப் பற்றிக்கொண்டு ஏறித் தன் இடத்துக்குப் போகிறது. குரங்கின் கருவில் இதை 1972-இல் காட்டியவர் பாஸ்கோ ராக்கிச்.

முப்பது ஆண்டுகள் எல்லோரும் இதைச் சாரம் என்றே நம்பினார்கள். பிறகு 2000, 2001 வாக்கில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இருந்த குழுக்கள் இந்தச் செல்கள் பிரியும்போது என்ன பிறக்கிறது என்று பின்தொடர்ந்து பார்த்தன. பிறந்தது நியூரான்! எந்த நியூரான் ஏறுவதற்குக் கம்பாக நின்றதோ, அதைப் பெற்றதும் அதே செல்தான். செங்கல்லைப் பெற்று, அந்தச் செங்கல் ஏறத் தானே வழியாகவும் நிற்கும் சாரத்தை எந்த மேஸ்திரி பார்த்திருக்கிறார்? கட்டி முடிந்த பிறகு அதைப் பிரித்துத் தூக்கியும் போடுவதில்லை. மிச்சமிருக்கும் ரேடியல் கிளியாவில் பல, கம்பை மடக்கிக்கொண்டு ஆஸ்ட்ரோசைட்டாக உருமாறி அந்த வீட்டிலேயே குடியிருந்துவிடுகின்றன.

ஆக, ஒரே தாய்ச்செல் முதலில் நியூரானைப் பெறுகிறது, பிறகு கிளியாவைப் பெறுகிறது. எலியின் மொத்தக் கர்ப்பமே ஏறக்குறைய இருபது நாள்தான். அதில் ஏறக்குறைய பதினொன்றாம் நாள் முதல் பதினேழாம் நாள் வரை பெருமூளைப் புறணிக்கு நியூரான். ஆஸ்ட்ரோசைட்டுகள் அதற்குப் பிறகு. பெரும்பாலானவை குட்டி பிறந்த பின்னர்தான். இந்த வரிசை மாறக் கூடாது. கிளியா முந்திக்கொண்டால் நியூரானைப் பெறத் தாய்ச்செல் மிஞ்சாது.

அப்படியானால் இப்போது மாறு என்று சொல்வது யார்? ஒரு பதில் 2005-இல் கனடாவிலிருந்து வந்தது. பிறந்த நியூரான்களே கார்டியோட்ரோபின்-1 என்ற புரதத்தைச் சுரந்து, நியூரான் போதும், இனி ஆஸ்ட்ரோசைட்டைக் கொடு என்று தாய்ச்செல்லுக்குச் சொல்லி அனுப்புகின்றன.

இன்னொரு பதில் நம் நாட்டிலிருந்து வந்தது. மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியர் சுபா தோலே இருக்கிறார். 2010-இல் பட்நாகர் விருதும் 2014-இல் இன்ஃபோசிஸ் பரிசும் பெற்றவர். எல்எச்எக்ஸ்2 என்ற மரபணுவை அவரது ஆய்வகம் பல ஆண்டுகளாகத் துருவிக்கொண்டிருந்தது. நினைவாற்றலுக்கு அடித்தளமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், தாயின் வயிற்றுக்குள் இருக்கும் எலிக்கருவிலேயே, மெல்லிய மின்துடிப்பின் உதவியால் வேறொரு மரபணுவைச் செலுத்தி எல்எச்எக்ஸ்2-இன் வேலையைக் கெடுத்துப் பார்த்தார்கள். நியூரான் பிறக்க வேண்டிய நாளில் ஆஸ்ட்ரோசைட் பிறந்தது. பிறகு எல்எச்எக்ஸ்2-ஐக் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஆஸ்ட்ரோசைட்டுகள் தள்ளிப்போய், நியூரான் பிறக்கும் காலம் நீண்டது. நாட்ச் என்ற சமிக்ஞை தாய்ச்செல்லைக் கிளியா பக்கம் தள்ளுகிறது. எல்எச்எக்ஸ்2 அதற்கு பிரேக் போடுகிறது. 2011-இல் வெளியான இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. பெருமூளையின் மற்ற பகுதிகளில் பார்த்தபோது இந்த பிரேக் இப்படி வேலை செய்யவில்லை. அதையும் அப்படியே எழுதினார்கள். பேட்டைக்குப் பேட்டை மூளைக்கு வேறு வேறு சட்டம்!

எல்லாக் கிளியாவும் இந்த வீட்டுப் பிள்ளைகள் அல்ல. மைக்ரோகிளியா மூளைக்குள் பிறப்பதே இல்லை. கருவோடு ஒட்டிய மஞ்சள்கருப் பையில் தோன்றி, மிக இளங்கருவிலேயே மூளைக்குள் குடிவந்துவிடுகின்றன. 2010-இல் எலியில் இதை உறுதிசெய்தார்கள். ஒலிகோடென்ட்ரோசைட்டின் மூதாதைகள் மூன்று அலையாக வருகின்றன. முதல் அலையில் வந்தவை எலிகளில் பெரும்பாலும் பின்னால் காணாமல் போய்விடுகின்றன. இயற்கை ஏன் இப்படிச் செய்கிறது என்பதை நம் பிள்ளைகளில் யாராவது கண்டுபிடிக்கட்டும்.

இப்போது தாய்மார்களுக்கு ஒரு சேதி. மையலின் உறை சுற்றும் வேலை கர்ப்பத்தின் பிற்பாதியில் தொடங்கி, பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளில் மிக மும்முரமாக நடந்து, நெற்றிப் பக்கத்து மூளையில் இருபது வயதைத் தாண்டியும் தொடர்கிறது. மூளைச் செல்களிலேயே மிக அதிக இரும்பை வைத்திருப்பது இந்த ஒலிகோடென்ட்ரோசைட்தான். இரும்பு குறைந்தால் உறை சரியாகச் சுற்றாது. சிலி நாட்டில் ரத்தசோகை இருந்த ஆறு மாதக் குழந்தைகளைச் சோதித்தார்கள். காதில் விழுந்த ஒலியின் செய்தி மூளைத்தண்டு வழியே செல்ல அவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. இரும்புச்சத்து கொடுத்து ரத்தசோகையைச் சரிசெய்த பிறகும், ஒன்றரை வயதில் அந்தத் தாமதம் இருந்தது. 1998-இல் வெளியான ஆய்வு. ரத்தத்தில் விட்டதைப் பிடித்துவிடலாம். மூளையில் அந்த மாதங்கள் திரும்பி வருவதில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. கர்ப்பிணிக்கு நர்ஸம்மா தரும் இரும்பு மாத்திரை டப்பாவை அலமாரிக்கு மேலே வைத்து மறந்துவிடாதீர்கள். மலம் கறுக்கிறது, குமட்டுகிறது என்று மாமியார் நிறுத்தச் சொன்னால், மாமியாரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு வாரம் இரண்டு முறை தரும் 1 மில்லி இரும்புச்சத்து சிரப்பும் இதற்காகத்தான்.

குறைமாதக் குழந்தைகளின் சிக்கலும் இதே ஒலிகோடென்ட்ரோசைட்டில்தான் தொடங்குகிறது. கர்ப்பத்தின் 23 முதல் 32 வாரம் வரையிலான காலத்தில் இந்தச் செல்கள் இன்னும் முதிராத நிலையில் இருக்கும். ஆக்சிஜன் குறைந்தாலும், கிருமி தொற்றினாலும் முதலில் மடிவது அவைதான்.

சரி, மனிதக் கருவில் இதையெல்லாம் கண்ணால் பார்க்க முடியுமா? முடியும், அதுவும் நம்மூர் வழியாக. பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் தண்டலத்தில் சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அந்த மருத்துவமனையும் சென்னை மெடிஸ்கேனும் மருத்துவத் துணையாக நிற்க, சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் தரணி என்ற வரைபடத்தை வெளியிட்டது. மையத்தின் தலைவர் பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம். 14 முதல் 24 வார வயதுள்ள, பிறக்காமல் போன ஐந்து சிசுக்களின் மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களைச் செல் தெரியும் அளவுக்குப் படமெடுத்திருக்கிறார்கள். அந்தப் பெற்றோர்கள் அந்தத் துக்கத்திலும் சம்மதித்தார்களே, அவர்களுக்கு இந்த அவை ஒருமுறை கைகூப்ப வேண்டும்.

நியூரான்கள் கம்பைப் பற்றி ஏறிக்கொண்டிருக்கும் வாரங்கள் அவை. உலகில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் இந்த வரைபடத்தை இணையத்தில் திறந்து பார்க்கலாம். தம்பி, அந்தத் திரையை இறக்குங்கள். விளக்கைக் கொஞ்சம் குறையுங்கள். 14-ஆம் வாரத்திலிருந்து பார்ப்போம். உள்சுவரை ஒட்டி நெருக்கமாகக் கறுத்திருக்கும் பட்டை தெரிகிறதா? தாய்ச்செல்கள் இருக்கும் இடம் அதுதான். பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து முன்னால் வாருங்கள்.